பிரேக் அக்கா நடித்த விளம்பரம்

ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் பிரேக் அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் அவள் டவுன் பஸ் டிரைவர். கூட்டம் படியில் தொங்க, குறுக்கே பாயும் ஸ்கூட்டர்களுக்கு நடுவில், இளமை முழுவதையும் ஸ்டியரிங்கைப் பிடித்தே கழித்தவள். டிப்போவில் அவள் ஓட்டிய பஸ்ஸில் டிரைவர் சீட்டு என்று ஒன்று பெயருக்கு இருந்தது. உள்ளே இருந்த சுருள்கம்பி எந்தக் காலத்திலோ உயிரை விட்டிருந்தது. குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அந்த அதிர்ச்சி நேராக அவள் இடுப்பில் வந்து இறங்கும். கடைசியில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பஸ்ஸா முதுகா என்று இப்போதே முடிவு செய்துகொள்ளம்மா என்றார். முதுகு என்றாள் அக்கா. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டின் முன்னறைதான் அவள் கணவரின் தையல் கடை. பின்கதவைத் திறந்தால் அவளுடைய அப்பா விட்டுப்போன நிலம், முள்ளும் புதருமாகக் கிடந்தது. கை கால் சும்மா இருக்கப் பழகாதவள் அதைத் திருத்திப் பயிர் வைக்கப் போகிறேன் என்றாள். அவளுடைய அண்ணன், தன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பழைய டிராக்டரை, இதைவிட நல்ல நேரம் வராது என்று அவள் தலையில் கட்டினார். முதுகுக்காக பஸ்ஸை விட்டவள் டிராக்டரில் ஏறினால் எப்படி என்று தையற்காரர் கேட்டார். பஸ் என்றால் பின்னால் அறுபது பேர் இருப்பார்கள், வலித்தாலும் நிறுத்த முடியாது, டிராக்டர் என்றால் நிறுத்திவிட்டு இறங்கி மரத்தடியில் படுத்துக்கொள்ளலாம் என்று அவள் பதில் சொன்னாள். அந்தப் பதிலில் ஏதோ கோளாறு இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் இடம் காட்டிச் சொல்ல வரவில்லை.

முதல் நாள் அவள் டிராக்டர் ஓட்டுவதை, வெளியூரில் நர்ஸாக இருந்த மகளுக்கு அனுப்புவதற்காகத் தையற்காரர் போனில் படம் பிடித்தார். சரிவில் இறங்கிய வண்டி நிற்காமல் போனது. "பிரேக் இல்ல, பிரேக் இல்ல, நகருங்க" என்று அக்கா கத்தினாள். டிராக்டர் நேராக அவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கீழே சிந்திய குண்டூசியை மிதித்துவிடாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில், "பாத்து, பாத்து" என்று சொல்லியபடி அவர் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசி நொடியில் அவள் திருப்ப, வண்டி கோழிக்கூட்டின் ஒரு மூலையைப் பெயர்த்துக்கொண்டு போய் வைக்கோல் போரில் மூக்கைப் புதைத்து நின்றது. கூட்டிலிருந்து பறந்த கோழிகளில் ஒன்று டிராக்டரின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஊர்வலம் போவதுபோல வைக்கோல் வரை வந்து சேர்ந்தது.

மகள் அதை மருத்துவமனை ஓய்வறையில் பார்த்துச் சிரித்து, கூட இருந்தவர்களுக்குக் காட்டி, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு இணையத்திலும் போட்டாள். அவ்வளவுதான். எங்கெங்கோ இருந்தவர்களெல்லாம் அந்தக் கோழியைப் பார்த்தார்கள். அக்காவுக்குப் பெயர் கிடைத்தது, சேனலும் பிறந்தது.

அந்தச் சேனலில் பார்க்க என்ன இருந்தது என்றால், எல்லாம் சொதப்பல்தான். கோலிக்குண்டு அளவில் விளைந்த உருளைக்கிழங்கு, பீன்ஸ் பந்தலை ஒரே காலையில் மேய்ந்துவிட்டு அப்பாவிபோல நின்ற ஆடு, அவளே நட்டு அவளே சாய்ந்துகொண்டபோது விழுந்த வேலி. அக்கா எதையும் மறைக்கவில்லை. மற்ற தோட்டக்காரர்களின் வீடியோக்களில் தக்காளி கண்ணாடிபோல மின்னும்; இவளுடைய தக்காளியில் புழு தலையை நீட்டிக் கேமராவைப் பார்க்கும். இதுதான் நிஜம், நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்கிறாள் என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். அதற்குச் சமமாகக் கொண்டாடப்பட்டது, கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தப் "பாத்து". முகம் தெரியாத அந்தக் குரலுக்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள். பொத்தான் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் அவரை ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டச் சொல்ல, தையற்காரர் வெட்கத்தில் பொத்தானை வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

ஒருநாள் ஒரு டிராக்டர் கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, மண்ணில் கால் வைக்கவே யோசிக்கும் ஷூ. எதைக் கேட்டாலும் "கண்டிப்பா" என்பான். டீ சாப்பிடுகிறாயா தம்பி என்றாலும் கண்டிப்பா. பக்கத்து ஊரில் மழையா என்றாலும் கண்டிப்பா. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பெயர் கண்டிப்பாத் தம்பி ஆகிவிட்டது. கம்பெனியின் புது டிராக்டரை அக்காவிடம் கொடுத்து வைப்பார்கள், அவள் அதில் வேலை செய்து வீடியோ போட வேண்டும், ஒரு விளம்பரப் படமும் எடுப்பார்கள், அதற்குப் பணமும் உண்டு என்று சொன்னான்.

அக்கா யோசித்தாள். ஓட்டிப் பார்க்காத வண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன், உழவு முதல் விதைப்பு வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்றாள். அவனும் கண்டிப்பா என்றான்.

புது வண்டி வந்து இறங்கியது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டயரைத் தட்டினாள், கலப்பை மாட்டும் இடத்தில் குனிந்து பார்த்தாள், குறை கண்டுபிடித்தே தீருவேன் என்ற முகத்தோடு ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள். சீட்டின் பக்கத்தில் ஒரு பிடி. அதைத் திருகினால் உட்கார்ந்திருப்பவரின் எடைக்கு ஏற்றாற்போல சீட்டு தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும். வரப்பில் ஏறி இறங்கியபோது வண்டிதான் குலுங்கியது, அவள் குலுங்கவில்லை. ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்ப முடிந்தது. இரண்டு சால் ஓட்டிவிட்டு இறங்கியவளின் முகத்தைப் பார்த்துத் தையற்காரர் ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துபோனார். "என்னங்க, வலிக்கலங்க" என்றாள் அக்கா. சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வலி மருந்தைக் கேட்கவில்லை. அலமாரியில் தைலப் புட்டியின் மேல் தூசி படிந்தது. படுத்தவுடன் தூங்கினாள். பஸ் ஓட்டின காலத்திலிருந்து அவள் அப்படித் தூங்கித் தையற்காரர் பார்த்ததில்லை. ஆகவே விதைப்பும் முடிந்து, விளம்பரத்துக்குச் சம்மதம் என்று அவள் சொன்னபோது அதில் பணத்துக்கு எவ்வளவு பங்கோ, அதைவிட அதிகமான பங்கு அவள் இடுப்புக்கு இருந்தது.

படப்பிடிப்புக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். குடை, விளக்கு, மேலே பறக்கும் கேமரா. அக்கா காலையிலிருந்து சேற்றில் நின்று வேலை செய்துவிட்டு அப்படியே வந்தாள். ஒப்பனைப் பெண் அவளைக் கைகால் கழுவச் சொல்லிவிட்டு, கழுவின இடத்தில் ஒரு டப்பாவைத் திறந்து பிரஷ்ஷால் சேற்றை அழகாகப் பூசினாள். நிஜச் சேறு கேமராவில் சாணி மாதிரி தெரியுமாம். கோழி ஒன்று டிராக்டர் மேல் ஏற வேண்டும் என்றார்கள். பழைய வீடியோவில் யாரும் கேட்காமலே ஏறின கோழி, அன்று அரிசியைக் கொட்டியும் கெஞ்சியும் பக்கத்தில்கூட வரவில்லை. கடைசியில் ஒரு உதவியாளர் கோழியைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். திரையில் ஓரமாக அவருடைய தொப்பியின் நுனி தெரிந்தது.

அதன் பிறகு பழைய டிராக்டரில் உட்கார்ந்து சோகமாகப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பகுதி கறுப்பு வெள்ளையில் வருமாம். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி மறுபடி எடுத்தார்கள், மறுபடி மறுபடி சிரித்தாள். புது வண்டியில் ஏறியதும் கலரில், "என் கஷ்டமெல்லாம் இன்றோடு தீர்ந்தது, இதுவே என் உழைப்பின் துணை" என்று எழுதிக் கொடுத்ததைச் சொல்லவேண்டும். துணை என்று சொல்லும்போது அவள் கண் தன்னால் தையற்காரர் பக்கம் போயிற்று. அவர் வாயைத் திறக்கக் கூடாது, சத்தம் மைக்கில் விழும் என்று அவரைத் தையல் கடைக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளம்பரம் சேனலில் வந்தது. பார்க்க ஜோராக இருந்தது. இவ்வளவு நிறமாக நம்ம நிலம் எப்போது இருந்தது என்று தையற்காரரே கேட்டார். கீழே ஜனங்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

விலை போயிட்டாங்க என்று ஒருவர். அக்காவும் கடைசியில் இப்படித்தானா என்று இன்னொருவர். தொப்பியை வட்டமிட்டுக் காட்டி, கோழிக்கு உதவியாளர் வைத்த முதல் விவசாயி என்று ஒருவர் எழுத, அதற்கு ஆயிரக்கணக்கில் சிரிப்பு விழுந்தது. முகத்தில் இருப்பது சேறா சாக்லேட்டா என்று கேட்டார்கள். "பாத்து" எங்கே, அந்த மனுஷனை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சீட்டு சுகமாக இருக்கிறது, வலி போயிற்று என்று அவள் தன் வாயால், எழுதிக் கொடுக்காமல், மனமாரச் சொன்ன ஒரே ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிண்டல் செய்தார்கள். முதுகுவலி போச்சாம், பணத்தைப் பார்த்தால் எனக்கும் போகும் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அக்கா தையல் கடைக்குள் வந்து, வெட்டின துணித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். மெஷினை நிறுத்தாமல் தையற்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்னங்க பொய் சொன்னேன்? முதுகு வலிக்கலன்னா வலிக்கலன்னுதானே சொல்ல முடியும்? இவங்களுக்காக வலிக்குதுன்னா சொல்லணும்?"

தையற்காரர் மெஷினை நிறுத்தினார். ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"விளம்பரத்துல நீ சொன்னது நிஜம். பொய்யுன்னு பாத்தா பழைய வீடியோவுலதான் இருக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரேக்கை அந்த வாரமே சரி பண்ணிட்டோம். நீ இன்னும் ஒவ்வொரு வீடியோவுலயும் ஏறின உடனே பிரேக் இல்ல, நகருங்கன்னு கத்துற. வைக்கோல் போர்ல ரெண்டாவது தடவை மோதினது தானா மோதலை. நாமதான் மோதினோம். நானும் பாத்து பாத்துன்னேன். எனக்குத் தெரியும் நீ நிறுத்திடுவேன்னு."

உண்மைதான். பிரேக் புத்தம்புதிதாக இருந்தது. ஜனங்கள் அதைக் கேட்கத்தானே வருகிறார்கள் என்று அவளும் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சொல்லாமல் விட்டதற்கு, என்ன அக்கா உடம்பு சரியில்லையா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். பூசின சேற்றோடு சொன்னது நிஜம், நிஜச் சேற்றில் நின்று சொன்னது நடிப்பு. அவள் அதை இரண்டு மூன்று முறை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தையற்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்கள். மகள் யோசித்துவிட்டு, நேரலையில் பேசிவிடும்மா, வெட்டி ஒட்ட வழியில்லை, அப்போதுதான் நம்புவார்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டிராக்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். போனைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தார். ஏனென்றால் அன்று தையற்காரர் கேமராவுக்கு முன்னால் வர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். கழுத்தில் அளவு நாடாவோடு, குள்ளமாக, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அவர் வந்து நின்றதும் கமெண்ட்டுகள் மழைபோலக் கொட்டின. இவரா அந்தக் குரல் என்று எழுதினார்கள். ஆறடி ஆள் என்று நினைத்தோமே என்றார்கள்.

அக்கா முதலில் பழைய டிராக்டரில் ஏறினாள். சரிவில் இறக்கினாள். கீழே நின்ற கணவரை நோக்கி வேகமாக வந்து, அவருக்குக் கையெட்டும் தூரத்தில் வண்டியை ஆணி அடித்தாற்போல நிறுத்தினாள்.

"இதுக்கு பிரேக் இருக்கு. ரொம்ப நாளா இருக்கு" என்றாள் போனைப் பார்த்து. "நீங்க சிரிக்கிறீங்களேன்னு இல்ல இல்லன்னு சொல்லிட்டே இருந்தேன். இனிமே சொல்லமாட்டேன்."

அதன் பிறகு தையற்காரர் கேள்வி கேட்டார். அவருக்கு மேடைப் பேச்சு வராது; கடைக்கு வந்தவரிடம் கை நீளம் எவ்வளவு, கழுத்து எப்படி வேண்டும் என்று விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"இந்த புது வண்டிக்காக பணம் வாங்கினோமா?"

"வாங்கினோம்."

"கஷ்டமெல்லாம் தீர்ந்ததுன்னு சொன்னியே, அது?"

"அது அவங்க எழுதினது. கஷ்டம் எங்க தீருது, உருளைக்கிழங்கு இன்னும் அதே சைஸுலதான் வருது. ஆனா முதுகு என்னோடது. அது வலிக்கலன்னு சொன்னது நான்."

"வண்டியில குறை?"

அக்கா இறங்கிப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஸ்பானர்கள் வைக்கும் பெட்டியின் மூடி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் தானாகத் திறந்துகொள்ளும். விதைப்புக்கு நடுவில் அவள் நிலத்தில் விதைத்த ஸ்பானர்கள் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. சின்ன நிலத்தின் ஓரத்தில் வண்டி திரும்ப இடம் போதாது. வரப்பை ஒட்டின பகுதியை இன்னும் பழைய டிராக்டரில்தான் உழுகிறாள். மேற்கூரை உயரம் அதிகம், வாசல் மரக்கிளையை அது ஏற்கெனவே ஒருமுறை முறித்தாயிற்று. சீட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவள் ஏறி உட்கார்ந்து காட்டினாள். இதை எவ்வளவு திட்டினாலும் சீட்டைத் திட்ட எனக்கு வாய் வராது, முதுகு போன டிரைவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஷோரூமுக்குப் போய் சும்மாவாவது ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள் என்றாள்.

நேரலை முடிந்தபோது சேனலைவிட்டு ஒரு கூட்டம் போயிருந்தது. பிரேக் இல்லாத அக்காவை நம்பி வந்தவர்களுக்கு பிரேக் உள்ள அக்கா தேவைப்படவில்லை. அது அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இருந்தவர்கள் எழுதியது வேறு மாதிரி இருந்தது. எந்த எண்ணெய் ஊற்றுகிறாய், கிளட்ச் எப்படி இருக்கிறது, என் நிலம் இத்தனை சின்னது, எனக்கு எந்த வண்டி சரிப்படும் என்று தொழில் செய்கிறவர்கள் தொழில் தெரிந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

மறுநாள் கண்டிப்பாத் தம்பி போன் செய்தான். பேச்சு முழுவதும் ஒரு கண்டிப்பாகூட வரவில்லை. ஒப்பந்தத்தில் குறை சொல்லக் கூடாது என்று இருக்கிறது, ஒன்று அந்த வீடியோவை நீக்க வேண்டும், இல்லை வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, கலக்கம்தான் இருந்தது.

அக்கா அந்த டிராக்டரைப் போய்ப் பார்த்தாள். சீட்டின் மேல் கை வைத்தாள். ஆசை இல்லை என்று யார் சொன்னது? அந்தச் சீட்டுக்காக ஒரு வீடியோவை நீக்கிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தையற்காரரைக் கேட்டாள். உன் முதுகு, உன் வாய், நீயே முடிவு செய் என்றார் அவர். "வீடியோ இருக்கட்டும் தம்பி, வண்டியை நானே கொண்டுவந்து விட்டுடறேன். லாரி எல்லாம் அனுப்பாதீங்க" என்று அவள் போனில் சொன்னாள்.

அப்படி ஓட்டிக்கொண்டு போன அந்தப் பயணத்தைப் பற்றி இப்போதும் அவள் சந்தோஷமாகத்தான் சொல்வாள். நல்ல வெயில். டவுனுக்குள் நுழைந்ததும் பழைய பழக்கத்தில் கை தானாகவே பஸ் நிறுத்தங்களில் வண்டியை ஓரம் கட்டியது. ஒரு நிறுத்தத்தில் பையோடு நின்றிருந்த ஒருவர் ஏறுவதற்குக் காலையே தூக்கிவிட்டார். எதிரே வந்த டவுன் பஸ்ஸிலிருந்து கூட வேலை பார்த்த ஒருவர் ஹாரனை அழுத்தி விட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவளும் பதிலுக்கு அழுத்தினாள். டிராக்டரின் ஹாரன் ஒல்லியாகக் கீச்சிட்டது. குறைகளைச் சொன்னபோது இது விட்டுப்போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பெனி வண்டிகளை விற்கும் ஷோரூமின் பின்பக்கப் பட்டறையில் வண்டியை நிறுத்தியபோது, முழங்கை வரை கிரீஸ் பூசிய ஒரு பெண், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். பட்டறைக்கு அவள்தான் தலைமை மெக்கானிக்.

"பெட்டி மூடி அக்காதானே நீங்க?" என்றாள். அந்த மூடியைப் பற்றி அவள் கம்பெனிக்கு எழுதி எழுதிச் சலித்தவளாம். இப்போது நேரலையைப் பார்த்துவிட்டு ஆட்கள் கடைக்கு வந்து, மூடி திறந்துகொள்ளுமே அந்த வண்டிதானே, பரவாயில்லை, அந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்கிறார்களாம். ஷோரூம் முதலாளிக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லையாம்.

முதலாளி கடைசியில் சிரிப்பதென்றே முடிவு செய்திருந்தார். விளம்பர ஒப்பந்தம் கம்பெனியுடையது, அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, வண்டி இங்கேயேதான் நிற்க வேண்டும் என்றார். ஆனால் தன்னிடம் வண்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அதைச் சரியாக ஓட்டத் தெரியவில்லை, வாங்கின வாரமே கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள், சனிக்கிழமைகளில் வந்து ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"ஏதாவது புகழ்ந்து பேசணுமா?" என்று அக்கா கேட்டாள்.

"வேண்டாம்மா. கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதீங்கன்னு சொன்னா போதும்."

அதை நான் தூக்கத்திலேயே சொல்வேன் என்றாள் அக்கா. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. முதல் சில வாரச் சம்பளத்துக்குப் பதிலாக அந்தச் சீட்டு ஒன்று, தனியாக, உதிரிபாகமாக வேண்டும். முதலாளி மெக்கானிக்கைப் பார்த்தார். பழைய வண்டியில் மாட்ட முடியுமா என்று மெக்கானிக் மேலே பார்த்து யோசித்து, ஓட்டை ஒத்துவராது, ஆனால் ஒரு தகடு வெட்டிப் போட்டால் ஒத்துக்கொள்ள வைக்கலாம் என்றாள்.

வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பினாள். பின்வரிசையில் இடம் கிடைத்தது. இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

சீட்டு மாட்டின அந்த நாள் வீடியோ அந்த ஆண்டில் அவர்கள் போட்டதிலேயே மிக நீளமானது. தகடு முதலில் தலைகீழாக வெட்டப்பட்டது. மறுபடி வெட்டியது ஒரு விரற்கடை குறைவாக இருந்தது. மாட்டிக்கொடுக்க வீட்டுக்கே வந்திருந்த மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் தையற்காரர் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்து, அட்டையில் வரைந்து, வெட்டி, வைத்துப் பார்த்து, இடுப்பளவு எடுத்த மாதிரி டிராக்டருக்கு அளவெடுத்துக் கொடுத்தார். அதுவும் முதல் தடவை பொருந்தவில்லை. சாயங்காலம் போல ஒருவழியாகப் பொருந்தியது. யாரும் எந்த வசனமும் எழுதித் தரவில்லை. பெரும்பாலும் ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டிக்கொண்டதுதான் பேச்சு. பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் முழுதும் பார்த்துவிட்டு, நாங்களும் எங்கள் வண்டியில் இப்படி மாட்டப் போகிறோம், அளவு சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தகட்டின் படத்தை அக்கா எல்லாருக்கும் இலவசமாக அனுப்பினாள்.

அந்த நீளமான வீடியோவின் முதல் நொடியில் அவள் சொல்வது இதுதான்: இந்தச் சீட்டு சம்பளத்துக்குப் பதிலாக எனக்கு வந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதன் பிறகு எந்த வீடியோ போட்டாலும், யாராவது எதையாவது கொடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவாள். ஒரு விதைக் கம்பெனி பூசணி விதைப் பொட்டலம் ஒன்று சும்மா அனுப்பியதைக்கூடச் சொன்னாள். சொல்லிவிட்டு, முளைக்கவில்லை என்பதையும் சொன்னாள்.

கண்டிப்பாத் தம்பி கொஞ்ச நாளில் வேலை மாறி, தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு கம்பெனிக்குப் போனான். போனதும் முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தான். "அக்கா, இந்தத் தடவை குறையும் சொல்லலாம்னு ஒப்பந்தத்துலயே எழுத வச்சிருக்கேன்" என்றான். பம்பை முதலில் அனுப்பு தம்பி, ஒரு கோடை ஓடட்டும், பிறகு பார்ப்போம் என்றாள். அந்தக் கோடை முழுவதும் பம்பு ஓடியது. சத்தம் கொஞ்சம் அதிகம் என்று சொல்லித்தான் வீடியோ போட்டாள். அவன் வருத்தப்படவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு இப்போது நல்ல கூட்டம். ஷோரூமின் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில், டயர்களை வரிசையாக வைத்து அதற்கு நடுவில் வளைந்து வளைந்து ஓட்டச் சொல்லித் தருகிறாள். வருகிறவர்களில் பெண்கள் நிறைய. கணவன் வாங்கின டிராக்டரைத் தானே ஓட்டிப் பழகினால்தான் வேலை நடக்கும் என்று தெரிந்துகொண்டு வருகிறவர்கள். யார் மேலும் அவள் கத்துவதில்லை. டிப்போவில் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் கத்தியே கழுத்தறுத்தார் என்பதால் அப்படி.

போன மாதம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். பருத்த ஆள், வெட்கமான பேச்சு. கடைக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறாராம். முதல் நாள் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முகம் சிவந்து, கீழே இறங்கிவிட்டார். அக்கா என்னவென்று கேட்டாள். முதுகுவலி போச்சாம், பணத்தைப் பார்த்தால் எனக்கும் போகும் என்று எழுதினது நான்தான் என்றார். மாவு பிசைந்து பிசைந்து தனக்கும் முதுகு போய்விட்டது, அந்தக் கடுப்பில் எழுதிவிட்டேன் என்றார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "முதல்ல அந்தப் பிடியை வலப்பக்கம் திருகுங்க. உங்க எடைக்கு இன்னும் நாலு சுத்து வேணும்" என்றாள்.

அவர் மறுபடி ஏறித் திருகினார். ஒருமுறை குதித்துப் பார்த்தார். பிறகு கிளட்ச்சைப் படக்கென்று விட்டு வண்டியை மூன்று முறை அணைத்தார். நான்காவது முறை அது நகர்ந்தது. முதல் டயரை மோதித் தள்ளியது, இரண்டாவதைத் தாண்டியது, அதன் பிறகு மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றியது. வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அவர் கொண்டுவந்திருந்த பன் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அக்கா கடைசியில் இருந்ததைத் தானே எடுத்துக்கொண்டாள். இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று அவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முழுசாகத் தின்றாள்.